ஆண்டகையின் குரல்

அந்த ஆயரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். தமிழ்நாட்டின் தெற்கே ஒரு மறைமாவட்டத்துக்குப் பல வருடம் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தார்; ‘ஆண்டகை’ என்று அழைப்பார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் அவருடைய ‘இன்றைய சிந்தனை’யை யாராவது எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கேட்காமலே அழித்துவிடுகிறேன்.

அவருடைய குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நல்ல குரல். அதை மறுத்தால் நான் பொய் சொன்னவளாவேன். “அன்பார்ந்த இறைமக்களே” என்று அவர் ஆரம்பித்தால், கடைசி வரிசையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பவனும் நிமிர்ந்துவிடுவான். ‘ஏழை’ என்று சொல்லும்போது அந்த ழகரம் அவர் நாக்கிலேயே கரைந்து போகும். ஏழைக்கும் அவருக்கும் இருந்த உறவு அந்த ழகரத்தோடு சரி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் படுத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவள். இவர் எனக்குப் புது ரகம். வாய் மட்டும்தான் இருந்தது. காது கிடையாது.

என் கணவர் சவரி அவருடைய மறைமாவட்டத்துக்காரர். இளவயதில் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்து, பரீட்சைகள் எழுதி, பாதுகாப்பு மேற்பார்வையாளராகி, இங்கேயே என்னைக் கட்டிக்கொண்டவர். நான் இங்கேயே பிறந்தவள். அந்த ஆயர் முதல் தடவை சிங்கப்பூர் வந்தபோது, சாங்கி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தின் நடுவில் சவரி முழங்காலிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்மணி, கையைப் பிடித்து முழங்காலிட்டு மோதிரம் என்றால் கல்யாணம் கேட்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கைதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் வந்தார். செங்காங்கில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். எங்கள் படுக்கையறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொள்வோம். அறைக் குளிர் அவருக்குச் சரியாக இருக்க வேண்டும், பப்பாளி கனிந்திருக்க வேண்டும், நண்டு தேக்கா மார்க்கெட்டில் அன்று காலை வாங்கியதாக இருக்க வேண்டும். “எளிய உணவு போதும், மகளே” என்பார். எளிய நண்டு.

லிட்டில் இந்தியாவில் ஒரு பாயின் பெட்டிக் கடை உண்டு. பெட்டி என்றால் பயணப் பெட்டி. மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்கிற குடும்பம். ஆயர் ஒவ்வொரு வருடமும் அங்கே ஒரு புதுப் பெட்டி வாங்குவார். ஒரு தடவை பாய் கேட்டார்: “போன வருஷம் வாங்கினது சக்கரம் கிக்கரம் போயிருச்சா சாமி? கொண்டாங்க, மாத்தித் தர்றேன்.”

ஆயர் அவர் தோளில் கை வைத்து, மதங்களைத் தாண்டிய சகோதரத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வந்த ஆட்கள் விலகி நின்று கேட்டார்கள். அவர் முடித்ததும் பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நல்லா பேசுறாரு லா. ஆனா நான் சக்கரத்தைப் பத்தித்தானே கேட்டேன்?”

அதுதான் அவர். நீங்கள் எதைக் கேட்டாலும் அது அவர் காதுக்குப் போகாது. நேராகத் தொண்டைக்குப் போய்ப் பிரசங்கமாகத் திரும்பி வரும். பிரசங்கத்துக்கு இடமில்லாத கேள்வியாக இருந்தால், “ஜெபிப்போம்” என்று கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிய ஆயரிடம் யார் மறுபடி கேட்பது?

மார்சிலிங்கில் திரேசம்மா என்று ஒரு விதவை இருந்தார். ஒரே மகன். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். ஆயர் தன் வீட்டுக்கு வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று அந்தம்மாவுக்கு ஆசை. சவரி காரில் அழைத்துப் போனார், நானும் போனேன். திரேசம்மா கறிபஃப்பும் தேநீரும் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “சாமி, என் பையன்…” என்று ஆரம்பித்தார்.

“பையன் என்றதும் நினைவு வருகிறது,” என்று ஆயர் தொடங்கினார். குருமடத்தில் தான் படித்தபோது தன் தாயார் நடந்தே பார்க்க வந்த கதை. அது முடிந்ததும் திரேசம்மா மறுபடி, “அவன் போன் எடுக்க மாட்டேங்கிறான் சாமி” என்றார். ஆயர் இரண்டாவது கறிபஃப்பைக் கடித்தபடி சமையலறையை எட்டிப் பார்த்து, “இந்தச் சலவை இயந்திரம் முன்பக்கம் திறப்பதா? தண்ணீர் ஒழுகாதா?” என்று கேட்டார். ஒழுகாது என்று திரேசம்மா சொன்னார். பிறகு ஜெபித்தோம். கிளம்பினோம்.

மறுநாள் ஞாயிறு. தமிழ்ப் பூசையில் பிரசங்கம். “நேற்று மார்சிலிங்கில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவளுடைய கண்ணீர் என் கைகளில் விழுந்தது. வெகுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. மௌனமாக அமர்ந்திருந்தோம்…”

எனக்கு முன்னால் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் திரும்பிச் சவரியைப் பார்த்தேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “சவரி, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க? எப்ப மௌனமா இருந்தாரு?” என்று காதில் கேட்டேன். “சும்மா இரு ஸ்டெல்லா, கோவில்ல,” என்றார்.

இதில் என் வாயை அடைத்தவர் திரேசம்மாதான். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னையப் பத்தித்தான் சொன்னாரு, கேட்டியா?” என்றார். முகமெல்லாம் பூரிப்பு. அந்தம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

தாசன் வந்த பிறகுதான் இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

தாசன் சவரியின் கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிறவன். கிராஞ்சியில் ஊழியர் விடுதியில் இருந்தான். சவரிக்கும் அவனுக்கும் ஒரே ஊர், ஒரே பங்குக் கோவில். ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் தளத்துக்கு ஒரு முறை சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்து, கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னேன். வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். “உள்ள வா தம்பி,” என்று நான் மூன்று தடவை சொன்ன பிறகு, என்னைப் பார்க்காமல் சவரியைப் பார்த்தான். சவரி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு, “வா, வா” என்றார். அந்த இரண்டு ‘வா’வும் சேர்ந்து ஒரு ‘வா’வுக்கு ஈடாகவில்லை.

அன்று இரவு சவரியைக் கேட்டேன். அவர் சொல்ல விரும்பாமல் சொன்னார். ஊரில் அவர்கள் வேறு தெரு. கோவிலில் அவர்களுக்குத் தனி வரிசை ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் உண்டு. அது இப்போதும் இருக்கிறது.

“செத்த பிறகும் சுவரா?”

“நான் கட்டல ஸ்டெல்லா. நான் பொறக்கிறதுக்கு முந்தியே இருக்கு.”

அதற்கடுத்த வருடம் தாசனின் அம்மா இறந்துபோனார். டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பதால் அவனால் போக முடியவில்லை. சகோதரன் வீடியோ அழைப்பில் காட்டினான். சவரி விடுதிக்குப் போய் அவனோடு இருந்தார். அவர் போனது எனக்கு ஆச்சரியம்தான். திரும்பி வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு விஷயம் வந்தது.

மழைக்காலம். தாசன் தெருவிலிருந்து கல்லறைக்கு அவர்கள் வழக்கமாகப் போகும் வழி வாய்க்கால் வரப்பு. அன்று வாய்க்கால் நிரம்பி, வரப்பு தெரியவில்லை. பெரிய தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய தெருவில் ஆட்கள் குறுக்கே நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர் சவரியின் மூத்த அண்ணன், பங்குப் பேரவையின் துணைத் தலைவர். கடைசியில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். ஒரு இடத்தில் பெட்டி சரிந்து நனைந்தது. இதையெல்லாம் கைப்பேசியில் கிராஞ்சி விடுதியின் கட்டிலில் உட்கார்ந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சவரி. கைப்பேசித் திரையில் அண்ணனின் முகமும் தெரிந்ததாம்.

“தாசன் என்ன சொன்னான்?”

“‘அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க, லேட்டாகுது’ன்னான்.”

அடுத்த சில மாதங்களில் ஆயர் வந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மறைமாவட்ட மக்கள் சந்திப்பு என்று ஏற்பாடு. ஞாயிறு என்பதால் ஊழியர்கள் நிறைய வந்திருந்தார்கள். சால்வை, மாலை, பாட்டு எல்லாம் முடிந்து, “யாராவது ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம்” என்றார்கள். இது சம்பிரதாயம். யாரும் கேட்பதில்லை.

தாசன் எழுந்தான். ஒலிவாங்கியை யாரும் அவனிடம் கொடுக்கவில்லை. அவன் சத்தமாகவே பேசினான்.

“சாமி, எங்க அம்மாவைத் தண்ணிக்குள்ள கொண்டுபோய்ப் புதைச்சாங்க. பெரிய தெருவுல விடல. ஞானஸ்நானம் அதே கோவில்லதான் எங்க அம்மாவும் வாங்குச்சு. அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். சொல்லுவீங்களா?”

மேடையில் ஆயருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து நிகழ்ச்சி நிரலைப் படித்தார்கள். ஆயர் எழுந்தார். முகத்தில் அவ்வளவு கனிவு. எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது.

“உன் பெயர் என்ன, மகனே?”

“தாசன், சாமி.”

“தாசனின் வேதனை நம் எல்லோருடைய வேதனை. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஜெபிப்போம்.”

எல்லோரும் எழுந்தார்கள். பரலோக மந்திரத்தை அவர் ஆரம்பிக்க, ஒரு மண்டபமே சேர்ந்து சொன்னது. அவ்வளவு பேருடைய குரலுக்குள் தாசனின் கேள்வி காணாமல் போனது. ஜெபத்தைப் போட்டு ஒரு மனிதனின் வாயை அடைக்க முடியும் என்று நான் அன்றுதான் கண்டேன். ஜெபம் முடிந்த கையோடு ஒருவர், “அடுத்ததாக, குழந்தைகளின் நடனம்” என்றார்.

அன்று இரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். சவரி காலால் என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

“ஆண்டகை, அந்தச் சுவரை இடிக்கச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

“அந்தச் சுவரை நான் கட்டவில்லை, மகளே.”

இதே பதிலை இந்த வீட்டில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். சவரி தட்டைப் பார்த்தார்.

“கட்டினது யாரா இருந்தா என்ன? இப்ப இடிக்கிற அதிகாரம் உங்ககிட்டதானே இருக்கு?”

“அவசரப்பட்டால் பங்கு இரண்டாகப் பிளந்துவிடும்.”

“நடுவுல சுவரோட இருக்கிறதுக்குப் பேரு ஒண்ணா?”

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. கோபம் வரவேண்டுமென்றால் எதிரே ஒருவர் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டுமே. “உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது,” என்றார். “இந்த நண்டில் மிளகு தூக்கல். அருமை.”

அவர் தூங்கப் போன பிறகு சவரி என்னோடு சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பால்கனி இல்லாத வீடு எங்களுடையது. துணி காயப்போடும் சன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டு அண்ணனை அழைத்தார். அவர் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினார். மறுமுனையில் அண்ணன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“சிங்கப்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு எங்களுக்கு வேதம் சொல்லிக்குடுக்காதடா! நீ வேணா அவன வீட்டுக்குள்ள விடு. உன் பொண்டாட்டி எந்தத் தெருவுன்னு நாங்க கேட்டமா?”

சவரி கைப்பேசியை அணைத்தார். என்னைப் பார்க்காமலே, “கேட்டாங்க,” என்றார். “கல்யாணத்துக்கு முன்னாடி நூறு தடவை கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்.” எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அன்று முதல் தடவையாக, தெரியாமலிருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று தோன்றியது.

சுவர் இடிந்தது. ஆயரால் அல்ல. தாசனின் சகோதரனும் அந்தத் தெருப் பையன்களும் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார்கள். அடி வாங்கினார்கள், இரண்டு பேர் சிறைக்கும் போய் வந்தார்கள். கடைசியில் ஒரு நாள் காலையில் போலீஸ் காவலோடு மண் அள்ளும் இயந்திரம் வந்து அரைமணி நேரத்தில் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. அந்த வாரம் ஆயர் ஐரோப்பாவில் ஏதோ மாநாட்டில் இருந்தார். திரும்பி வந்ததும், இடித்த இடத்தில் தீர்த்தம் தெளித்தார். புகைப்படம் எங்கள் எல்லோருக்கும் வந்தது. வெள்ளை அங்கி, ஊதாக் குல்லா, கையில் தீர்த்தச் செம்பு. அந்தப் பையன்களில் ஒருவன்கூடப் படத்தில் இல்லை.

தாசன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “சுவர் போச்சுல்லக்கா, அது போதும்,” என்றான். அவனுக்கு என்னைவிடப் பெரிய மனசு. எனக்கு அது போதவில்லை.

மறுபடி ஆயர் வந்தபோது நான் நண்டு வாங்கவில்லை. கடலைக் குழம்பு வைத்தேன். அதையும் அருமை என்றே சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்க ஆட்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள். தாசனும் வந்தான். இப்போதெல்லாம் வாசலில் நிற்பதில்லை. அம்மாவின் நினைவுப் பூசைக்காகக் கேட்க வந்தவன். ஆயரின் முன்னால் வந்து கைகூப்பினான்.

“வா தம்பி. எந்த ஊர்?”

தாசன் ஊர்ப் பெயரைச் சொன்னான். ஆயரின் முகம் மலர்ந்தது.

“அட! அந்த ஊரா? உட்கார், உட்கார். அந்த ஊருக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?”

தாசன் எதிரே உட்கார்ந்தான். நான் சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றேன். சவரி கதவுப் பக்கம் நின்றார். ஆயர் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஊரில் ஒரு ஏழைத் தாய் இறந்துபோனாள். மழை. வெள்ளம். பெரிய தெருவில் விட மறுத்தார்கள். தண்ணீரில் இறங்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுடைய மகன் எங்கோ வெளிநாட்டில். அவன் தன்னிடம் வந்து காலில் விழுந்து அழுததாகவும், அவனைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டதாகவும், “அந்தச் சுவர் விழும்வரை நான் உறங்க மாட்டேன், மகனே” என்று வாக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். அந்தக் குரலில். மழை பெய்யும் இடத்தில் மழை கேட்டது. பெட்டி சரியும் இடத்தில் அவர் குரல் சற்றே உடைந்தது.

தாசன் கடைசிவரை கேட்டான். அவன் கண்கள் ஆயரின் முகத்தை விட்டு அகலவில்லை. இவர் விளையாடுகிறாரா, இல்லை உண்மையிலேயே தெரியவில்லையா என்று அவன் தேடிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

“அந்தப் பையன் பேரு என்ன சாமி?” என்று தாசன் கேட்டான்.

“பெயர்… மறந்துவிட்டது. பெயரா முக்கியம்?”

“அந்த அம்மா பேரு?”

ஆயர் புன்னகைத்தபடி தலையை அசைத்தார்.

“ஆரோக்கியமேரி, சாமி. அந்தம்மா பேரு ஆரோக்கியமேரி. அடுத்த தடவை இந்தக் கதையைச் சொன்னா, பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.” தாசன் எழுந்து கைகூப்பினான். பூசையைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னிடம், “வரேன்க்கா, பஸ் போயிரும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

“நல்ல பையன்,” என்றார் ஆயர். “உள்ளூர் விவரமெல்லாம் வைத்திருக்கிறான்.”

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தட்டைக்கூட அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் சவரியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. எதிரே இருந்தவனே அந்தப் பையன் என்று ஆயரிடம் சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை வருடப் பழக்கம், “ஆண்டகை, தேநீர் எடுத்துக்குங்க” என்றுதான் சொல்ல வைத்தது.

மறுநாள் ஞாயிறு, ஆயர் கிளம்புவதற்கு முந்திய கடைசிப் பூசை. கோவில் நிரம்பி வழிந்தது. தாசன் நடுவில் எங்கேயோ விடுதி நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். சவரியும் நானும் மூன்றாவது வரிசை. ஆயர் பிரசங்கத்துக்கு எழுந்தார். எதைச் சொல்லப் போகிறார் என்று எனக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. மழை. வெள்ளம். தாய். பெண்கள் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள்.

“அந்தத் தாயின் பெயரை நான் ஒருநாளும் மறந்ததில்லை,” என்றார் ஆயர். கொஞ்சம் நிறுத்தினார். “ஞானமேரி.”

என் பக்கத்தில் இருக்கை முனகியது. சவரி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“ஆரோக்கியமேரி,” என்றார்.

ஆயர் கேட்டாரோ இல்லையோ, தொடர்ந்தார். “ஞானமேரி என்ற அந்தத் தாய்…”

“ஆண்டகை, ஆரோக்கியமேரி.” சவரியின் குரல் நன்றாக இருக்காது. தளத்தில் கத்திக் கத்திக் கரகரத்த குரல். “அவங்க பையன் இங்கதான் உட்கார்ந்திருக்கான். தாசன். நேத்து உங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தான். உங்க கால்ல அவன் விழல. இதே ஊர்ல, மண்டபத்துல, எழுந்து நின்னு கேட்டான். நீங்க பதில் சொல்லல. சுவரை இடிச்சது அந்தத் தெருப் பையன்க. வழிய மறிச்சது…” இங்கே அவர் மூச்சு வாங்கினார். “வழிய மறிச்சது என் சொந்த அண்ணன்.”

ஆயர் ஒலிவாங்கியின் முன்னால் நின்றார். வாய் திறந்திருந்தது. என் வேலையில் நான் தினமும் பார்க்கிற மாதிரி. பிறகு முன்னாலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பிரசங்கத்தை அத்தோடு விட்டுவிட்டு, பூசையின் அடுத்த பகுதியான விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டார். சவரி உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆயர் எங்கள் காரில் விமான நிலையம் போகவில்லை. வேறு ஒரு குடும்பம் வந்து அவரையும் புதுப் பெட்டியையும் ஏற்றிப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கியதில்லை. சவரியின் அண்ணனுக்கு அன்று சாயங்காலமே செய்தி போய்விட்டது. அவர் இன்றுவரை பேசவில்லை. கோவிலில் சிலர் எங்களுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். திரேசம்மா மட்டும் வந்து, “சவரி, அப்போ அன்னைக்கு என்னையப் பத்திச் சொன்னதும்…” என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி விடு” என்று போய்விட்டார். அவருக்காக மட்டும்தான் எனக்கு வருத்தம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாசனைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தோம். இருந்த சோற்றையும் கடலைக் குழம்பையும் சூடாக்கி வைத்தேன். மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். சவரி பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

“தம்பி, உங்க அம்மாவை நான் சின்ன வயசுல பார்த்திருக்கணும். ஒரே ஊரு. எவ்வளவு யோசிச்சாலும் முகம் வரல. எப்படி இருப்பாங்க?”

தாசன் கையைத் தட்டில் உதறிவிட்டு நிமிர்ந்தான்.

“குட்டையா இருக்கும்ணே. ரொம்ப சத்தமாப் பேசும். காதுல ஒரு தோடு மட்டும்தான் போட்டிருக்கும், இன்னொண்ணு எப்பவோ வயல்ல விழுந்துருச்சு…”

சொல்லிக்கொண்டே போனான். குழம்பு ஆறியது. நாங்கள் குறுக்கே பேசவில்லை.